உங்கள் வீடு நிற்கும் பண்ணைக் காணியின் கதையைத் தேடி எடுப்பது எப்படி: கனடாவின் ஒன்ராறியோவிலுள்ள மார்க்கம் நகரத்தை முன்வைத்து

யாழ்ப்பாணத்துக் காணி உறுதி எதை எடுத்துப் பார்த்தாலும் காணிக்கு ஒரு பெயர் இருக்கும். ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு எனும் காணிப் பதிவேட்டில் ஏறிய அந்தப் பெயர், கைமாறிக் கைமாறி இன்றைய நொத்தாரிசின் உறுதி வரை வந்து நிற்கும். நான்கு எல்லைகளும் அயலவர் பெயர்களால் சொல்லப்பட்டிருக்கும். ஒன்ராறியோவின் பண்ணைக் காணிகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அவற்றுக்கு எண் மட்டுமே உண்டு: இன்ன ரவுன்ஷிப், இன்ன கொன்செஷன், இன்ன லொட். ரவுன்ஷிப் என்பது அளவைக்காக வகுத்த ஊர்ப் பிரிவு; மற்ற இரண்டையும் கீழே விளக்குகிறேன். இந்த மூன்றையும் சரியாகப் பிடித்துவிட்டால், 1790கள் முதல் அந்த நிலத்தில் யார் யார் குடியேறினார்கள், யார் யார் அதை வாங்கி விற்றார்கள் என்பதைப் பெரும்பாலும் வீட்டில் இருந்தபடியே அறிந்துகொள்ளலாம். பிழையாகப் பிடித்தால், வாரக்கணக்காக வேறொருவருடைய காணியின் வரலாற்றை எழுதிக்கொண்டிருப்பீர்கள். நான் முதல் முறை அப்படித்தான் செய்தேன். ஒரு கொன்செஷன் தள்ளிப் பார்த்துவிட்டேன்.

மார்க்கத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வதற்குக் காரணம், நம்மவர் பலர் அங்கே வீடு வாங்கியிருக்கிறார்கள் என்பதும், அதன் அளவைக் கட்டம் இன்றும் வீதிகளில் அப்படியே தெரிகிறது என்பதுமாகும். அஜாக்ஸ், பிக்கறிங், ஸ்காபரோ ஆகிய இடங்களுக்கும் வழிமுறை ஒன்றுதான். எண்கள் ஓடும் திசையும் பதிவகத்தின் எண்ணும் மட்டுமே மாறும்.

கட்டத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

அன்றைய நில அளவையாளரின் கருவி 66 அடி நீளமுள்ள சங்கிலி. மார்க்கத்தில் ஒரு லொட்டின் அகலம் 20 சங்கிலி, நீளம் 100 சங்கிலி. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர் என்பதால் ஒரு லொட் 200 ஏக்கர் ஆகிறது. நமது கணக்கில் 3,200 பரப்பு. கொன்செஷன் என்பது இத்தகைய லொட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட நீண்ட வரிசை. யங் வீதியில் இருந்து கிழக்கு நோக்கிக் கொன்செஷன்கள் எண்ணப்பட்டன. ஸ்ரீல்ஸ் அவெனியூவில் இருந்து வடக்கு நோக்கி லொட்டுகள் எண்ணப்பட்டன. யங் வீதிக்கும் பேவியூவுக்கும் இடைப்பட்டது முதலாம் கொன்செஷன். வோர்டனுக்கும் கென்னடிக்கும் இடையில் ஐந்தாவது, கென்னடிக்கும் மக்கவனுக்கும் இடையில் ஆறாவது, மக்கவனுக்கும் மார்க்கம் வீதிக்கும் இடையில் ஏழாவது. நைன்த் லைன் என்ற பெயர் இன்றும் மிஞ்சியிருப்பது, ஒன்பதாவது கொன்செஷனின் முகப்பு வீதி அது என்பதனால்தான்.

வடக்கே போகும்போது ஐந்து லொட்டுகளுக்கு ஒரு குறுக்கு வீதி வரும். ஸ்ரீல்ஸுக்கும் 14ஆம் அவெனியூவுக்கும் இடையில் லொட் 1 முதல் 5 வரை; அங்கிருந்து ஏழாம் நெடுஞ்சாலை வரை 6 முதல் 10; 16ஆம் அவெனியூ வரை 11 முதல் 15; மேஜர் மக்கென்சி வரை 16 முதல் 20. ஐந்து லொட்டின் அகலமும் ஒரு கொன்செஷனின் ஆழமும் ஒரே 100 சங்கிலி, அதாவது ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர். பெரிய சந்திக்குப் பெரிய சந்தி இரண்டு கிலோமீற்றர் இருப்பதன் காரணம் இதுவே. பழைய வீதி ஒதுக்கீட்டின் அகலம் சரியாக ஒரு சங்கிலி.

மாகாணம் முழுவதும் இதே கட்டம் என்று எண்ணிவிட வேண்டாம். 1818ஐ ஒட்டிய காலத்துக்குப் பின் அளக்கப்பட்ட பல ரவுன்ஷிப்புகளில் லொட் 30 சங்கிலி அகலமும் சுமார் 67 சங்கிலி நீளமும் கொண்டது. அது தொடக்கத்தில் இருந்தே நூறு நூறு ஏக்கராகப் பாதி பாதியாக வழங்கப்பட்டது. ஸ்காபரோவில் கொன்செஷன்கள் கிழக்கே அல்லாமல் ஏரிக்கரைப் பக்கத்தில் இருந்து வடக்கே எண்ணப்பட்டன.

இன்றைய உறுதியில் இருந்து பழைய லொட்டுக்கு

உங்கள் வீட்டு உறுதியில் ஒரு லொட் எண் இருக்கும். பலர் தடுமாறுவது இங்கேதான். அது வீட்டுமனைப் பிரிப்பு வரைபடத்தின் லொட் எண். பண்ணைக் காணியின் எண் அன்று. அந்த வரைபடத்துக்கு மார்க்கத்தில் 65எம் என்று தொடங்கும் எண் இருக்கும். 65 என்பது யோர்க் பிராந்தியப் பதிவகத்தின் எண். டர்ஹம் பிராந்தியத்துக்கு 40. அந்த வரைபடத்தை எடுத்துப் பார்த்தால், தலைப்பில் அது எந்தக் கொன்செஷனின் எந்த லொட்டின் பகுதி என்று எழுதப்பட்டிருக்கும். வரைபடம் உடனே கைக்கு வராவிட்டால், மேலே சொன்ன கட்டத்தைக் கொண்டு வீதிகளில் இருந்தே எண்ணிக் கண்டுபிடித்து, பின்னர் பழைய வரைபடம் ஒன்றோடு ஒப்பிட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எல்லைகள் மாறியதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1971இல் யோர்க் பிராந்தியம் உருவானபோது மார்க்கம் ரவுன்ஷிப்பின் வட பகுதி விற்சர்ச்-ஸ்ரூவ்வில்லுக்கும் மேற்குப் பகுதி ரிச்மண்ட் ஹில்லுக்கும் போய்ச் சேர்ந்தன. ஆகவே இன்று ஸ்ரூவ்வில்லில் இருக்கும் ஒருவர் மார்க்கத்தின் ஏடுகளைப் புரட்ட வேண்டியிருக்கலாம். அஜாக்ஸில் இருப்பவர் பிக்கறிங் ரவுன்ஷிப்பின் கீழும், 1974க்கு முந்தியதாயின் ஒன்ராறியோ கவுன்ரியின் கீழும் தேட வேண்டும். கவுன்ரி என்பது பல ரவுன்ஷிப்புகள் சேர்ந்த மாவட்டம். மாகாணத்தின் பெயரையே ஒரு கவுன்ரியும் கொண்டிருந்தது என்பது புதியவர்களைக் கொஞ்சம் குழப்பும்.

முதுகெலும்பு: சுருக்கப் பதிவேடு

லொட் எண் உறுதியானதும் நேராக ஒன்லாண்ட் இணையத்தளத்துக்குச் செல்லுங்கள். அது ஒன்ராறியோ காணிப் பதிவகத்தின் இணைய வடிவம். அதன் வரலாற்று ஏடுகளைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். பதிவக எண்ணைத் தெரிவுசெய்து, ரவுன்ஷிப்பையும் கொன்செஷனையும் கண்டுபிடித்து, அப்ஸ்ராக்ட் இன்டெக்ஸ் எனப்படும் சுருக்கப் பதிவேட்டைத் திறவுங்கள். பெயரால் தேட முடியாது. ஒளிநகல் செய்யப்பட்ட பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டித்தான் உங்கள் லொட்டுக்கு வர வேண்டும். பொறுமை உள்ளவர்களுக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

ஒவ்வொரு வரியிலும் பத்திரத்தின் எண், அதன் வகை, எழுதிய நாள், பதிந்த நாள், கொடுத்தவர், பெற்றவர், ஏக்கர் அளவு, தொகை ஆகியவை இருக்கும். முதல் வரியில் கொடுத்தவர் முடி, அதாவது பிரித்தானிய முடியின் பெயரிலான அரசு. பத்திரம் பேற்றன்ட் எனப்படும் முதல் அளிப்பு. அதன் பின் வருபவற்றுள் பெரும்பாலானவை நமது அறுதி உறுதிக்கு இணையான விற்பனைப் பத்திரங்கள், ஈடுகள், ஈடு மீட்புகள், மரணசாசனங்கள், உரிமை விடுவிப்புகள். கையெழுத்தைப் பழகும் வரை பத்திர வகைகளின் சுருக்கக் குறியீடுகள் கண்ணைக் கட்டும். விற்பனைக்கு ஒரு பி, ஒரு எஸ் என்று இரண்டே எழுத்துகள் போட்டிருப்பார்கள்.

எல்லா வரிகளையும் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். பிடித்தமானவற்றை மட்டும் தெரிந்தெடுக்காதீர்கள். லொட் இரண்டாகப் பிரிந்த இடத்தில் உங்கள் குறிப்பையும் இரண்டாகப் பிரியுங்கள்: மார்க்கத்தில் லொட்டுகள் கிழக்கு மேற்காக நீண்டு கிடப்பதால் அவை பெரும்பாலும் கிழக்குப் பாதி, மேற்குப் பாதி என்றே உடையும், பின்னர் ஒவ்வொரு பாதியும் ஐம்பது ஏக்கராகவும் அதற்கும் கீழாகவும் சிதறும். உங்கள் வீடு எந்தப் பாதியில் நிற்கிறது என்பதை முதலிலேயே தீர்மானிக்காவிட்டால், ஒரே லொட்டின் இரு வேறு குடும்பங்களை ஒரே சங்கிலியில் கோர்த்துவிடுவீர்கள்.

எழுதிய நாளுக்கும் பதிந்த நாளுக்கும் இடைவெளி இருந்தால் அதைக் கவனியுங்கள். பதிவுச் சட்டம் 1795இலேயே வந்துவிட்டாலும் பதிவு கட்டாயமாக இருக்கவில்லை. தந்தை வாங்கிப் பெட்டியில் வைத்த உறுதியை, மகன் விற்க வரும்போது பல பத்தாண்டுகள் கழித்துப் பதிந்த இடங்கள் உண்டு. சில கைமாற்றங்கள் பதியப்படவே இல்லை. அப்போது கொடுத்தவராகத் திடீரென்று ஒரு புதுப் பெயர் முளைக்கும். அங்கே திருமணம், மரணம், பதியாத விற்பனை ஆகிய மூன்றில் ஒன்று ஒளிந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

தொகைகளையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. 1858இல் தசம நாணயம் வரும் வரை கணக்கு ஹலிஃபக்ஸ் பவுணில் இருந்தது. ஒரு பவுண் நான்கு டொலருக்குச் சமம். ஐந்து சிலிங் என்றோ ஒரு டொலர் என்றோ இருந்தால், நிலம் மலிவு என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் அது குடும்பத்துக்குள் நடந்த கைமாற்றம். இயல்பான அன்பின் நிமித்தம் என்ற சொற்றொடரை அங்கேயும் காண்பீர்கள்; நமது நன்கொடை உறுதிகளில் பார்த்துப் பழகிய அதே வாசகம்.

ஈடுகளைச் சலிப்போடு தாண்டிப் போகிறவர்கள் உண்டு. நான் அவற்றைத்தான் முதலில் பார்ப்பேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு குடும்பம் நிலத்தை ஈடு வைத்ததென்றால், மரவீட்டை விட்டுச் செங்கல் வீடு கட்டவோ, பக்கத்துப் பாதியை வாங்கவோ, உடன்பிறந்தாரின் பங்கைக் கொடுத்துத் தீர்க்கவோ அந்தப் பணம் போயிருக்கக் கூடும். எது என்பதை அடுத்த குடிசன மதிப்பீடும் வரி மதிப்பீட்டு ஏடும் காட்டிவிடும். ஈடு மீட்பு பதியப்படாமல் உடனே வேறொருவர் பெயர் வந்தால், நிலம் கடனில் போனதா என்று பாருங்கள்.

பதிவேடு சுருக்கம் மட்டுமே. பத்திரங்களின் முழு வாசகத்தைப் பதிவகத்தின் படியெடுத்த நூல்களில் காணலாம். அவற்றுள் பலவற்றைக் குடும்ப வரலாற்றுத் தளமான ஃபமிலிசேர்ச் கட்டணமின்றி வைத்திருக்கிறது. 1860களின் நடுப்பகுதிக்கு முந்தியவை பெரும்பாலும் பத்திரத்தின் சாரம். பிந்தியவை முழுப் படிகள். தொழில், ஊர், மனைவியின் பெயர் ஆகியவை வாசகத்தில்தான் கிடைக்கும்.

பேற்றன்டுக்கு முந்திய ஆண்டுகள்

பேற்றன்டின் திகதியைக் குடியேறிய திகதி என்று எழுதுவதுதான் இத்துறையில் மிகப் பரவலான பிழை. ஒன்ராறியோவின் அன்றைய பெயரான மேல் கனடாவில் நிலம் வேண்டியவர் முதலில் விண்ணப்பம் எழுதினார். நிர்வாக சபை அனுமதித்தது. அளவையாளர் இடத்தைக் காட்டினார். அதன் பின் குடியேற்றக் கடமைகளை முடிக்க வேண்டியிருந்தது. பொதுவாக ஐந்து ஏக்கர் காட்டை வெட்டி வேலியடைப்பது, 16 அடிக்கு 20 அடியில் ஒரு வீடு கட்டுவது, காணியின் முன்னுள்ள வீதி ஒதுக்கீட்டைத் துப்புரவாக்குவது என்பன அக்கடமைகள். அவை நிறைவேறிக் கட்டணமும் செலுத்திய பின்னரே பேற்றன்ட். 1794இல் வில்லியம் பேர்சி நியூயோர்க்கின் ஜெனசியில் இருந்து அழைத்துவந்த அறுபதுக்கும் மேற்பட்ட ஜேர்மானியக் குடும்பங்களில் பலர், காட்டை வெட்டிப் பல ஆண்டுகள் பயிரிட்ட பின்னர், 1800ஐத் தாண்டித்தான் பேற்றன்டைக் கண்டார்கள்.

இந்த இடைக்காலத்தைத் தேட மூன்று இடங்கள் உண்டு. மேல் கனடா நில விண்ணப்பங்கள் ஒட்டாவாவில் உள்ள தேசிய நூலக ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றை இணையத்தில் பார்க்கலாம். விண்ணப்பதாரர் எங்கிருந்து வந்தார், எத்தனை பிள்ளைகள், அமெரிக்கப் புரட்சியில் முடியின் பக்கம் நின்றவரா என்பதெல்லாம் அவர் வாயாலேயே சொல்லப்பட்டிருக்கும். அடுத்தது, யோர்க் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள ஒன்ராறியோ ஆவணக் காப்பகத்தின் ரவுன்ஷிப் பேப்பர்ஸ். இவை கொன்செஷன், லொட் வரிசையில் அடுக்கப்பட்டிருப்பதால் பெயர் தெரியாவிட்டாலும் காணி எண்ணைக் கொண்டே எடுத்துவிடலாம். மூன்றாவது, பேற்றன்ட் கிடைக்கும் முன் உரிமையாளர் இறந்தோ விற்றோ விட்டால் வாரிசையும் வாங்கியவரையும் தீர்மானித்த ஆணைக்குழுவின் கோவைகள். முதல் குடியேறி ஒருவர், பேற்றன்ட் பெற்றவர் வேறொருவர் என்றால் விடை பெரும்பாலும் இங்கே இருக்கும்.

உங்கள் காணிக்கு 1820கள் அல்லது 1830கள் வரை பேற்றன்டே இல்லையென்றால், அது ஒதுக்கப்பட்ட நிலமாக இருக்கலாம். ஒவ்வொரு ரவுன்ஷிப்பிலும் ஏழில் ஒரு பங்கு முடிக்கும் ஏழில் ஒரு பங்கு புரட்டஸ்தாந்து குருமாருக்கும் என்று சதுரங்கப் பலகை போலச் சிதறி ஒதுக்கப்பட்டிருந்தது. அந்தக் காணிகள் 21 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. முடியின் ஒதுக்கீட்டில் பெரும்பகுதி, 1826இல் சாசனம் பெற்ற கனடா கொம்பனி என்ற நில விற்பனை நிறுவனத்தின் கைக்குப் போனது. குருமார் ஒதுக்கீடு 1854இல் சட்டத்தால் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. பதிவேட்டில் வெற்றிடமாகத் தெரியும் அந்த ஆண்டுகளில் குத்தகைக் குடும்பம் ஒன்று அங்கே உழுதுகொண்டிருந்திருக்கலாம்.

உரிமையாளர் வேறு, குடியிருந்தவர் வேறு

பதிவேடு உரிமையாளர்களை மட்டுமே அறியும். நிலத்தை வாங்கி ரொறன்ரோவில் இருந்தபடியே வாடகை வாங்கியவரும் அங்கே உரிமையாளர்தான். உழுதவரைத் தேட வேறு ஆவணங்கள் வேண்டும். 1837இல் வெளியான வால்ற்றனின் கையேடு, மார்க்கம் அடங்கியிருந்த அன்றைய மாவட்டமான ஹோம் டிஸ்ரிக்ற்றின் குடிகளைக் கொன்செஷன், லொட் எண்ணோடு தருகிறது. மார்க்கத்துக்கு இது பெரிய கொடை. 1860இன் ரெமெய்ன் வரைபடமும் 1878இன் யோர்க் கவுன்ரி வரைபடத் தொகுப்பும் ஒவ்வொரு லொட்டின் மேலும் பெயர் எழுதியிருக்கின்றன. தொகுப்பை மக்கில் பல்கலைக்கழகத்தின் தளத்தில் பெயர் கொடுத்தே தேடலாம். ஆனால் இவை சந்தா கட்டி அச்சிடப்பட்டவை. சந்தா கட்டியவரின் வீடும் பழத்தோட்டமும் அழகாக வரையப்பட்டிருக்கும். கட்டாத அயலவரின் வீடு இல்லாமலே போயிருக்கும். வரைபடத்தில் வீடு இல்லை என்பது தரையில் வீடு இல்லை என்பதற்குச் சான்றாகாது.

குடிசன மதிப்பீடுகளில் 1851, 1861, 1871 ஆகிய மூன்றும் பொன்னானவை, ஏனென்றால் அவற்றின் விவசாய அட்டவணைகள் எஞ்சியிருக்கும் இடங்களில் லொட் எண்ணையும், பயிரிட்ட ஏக்கரையும், கோதுமை எத்தனை புசல், மாடு எத்தனை, வெண்ணெய் எத்தனை இறாத்தல் என்பதையும் சொல்லிவிடுகின்றன. 1851இன் கணக்கு உண்மையில் 1852 ஜனவரியில் எடுக்கப்பட்டது. அதிலும் 1861இலும் கேட்கப்பட்டது அடுத்த பிறந்தநாளில் வரும் வயது. ஓர் ஆண்டு கழித்தே கொள்ளுங்கள். 1871இன் விவசாய அட்டவணையில் பெயர் இராது. பக்க எண்ணும் வரி எண்ணும் கொண்டு மக்கள் பட்டியலோடு பொருத்த வேண்டும். அதே அட்டவணையில் உரிமையாளரா வாடகையாளரா என்ற கலமும் உண்டு. 1881க்கும் 1891க்கும் மக்கள் பட்டியல் மட்டுமே மிஞ்சியது. ஆகப் பிந்தியதாகத் திறந்துவிடப்பட்டிருப்பது 1931. அது 2023இல் வெளியானது.

பெயர்களை எழுத்துக்கு எழுத்து தேடாதீர்கள். ஜேர்மன் ஒலியை ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார்: பிங்கெல் பிங்கிள் ஆனது, பென்சில்வேனியாவில் இருந்து வந்த, மெனோனைற் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ரிஸர் குடும்பம் றீஸர் ஆனது. மார்க்கம் கிராமத்துக்கே ஒரு காலத்தில் றீஸர்வில் என்ற பெயர் வழங்கியது. றீஸர் வீதி இன்றும் உண்டு. ஒரே பெயரை மூன்று தலைமுறையும் வைத்துக்கொள்ளும் இந்தக் குடும்பங்களில், தந்தையையும் மகனையும் பெயரன்களையும் பிரித்தறிய லொட் எண் அளவுக்கு உதவுவது வேறெதுவும் இல்லை.

பெண்கள் பதிவேட்டில் எப்போது தோன்றுகிறார்கள் என்பதைத் தனியாகக் குறித்துவையுங்கள். கணவனின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை வாழ்நாள் முழுதும் அனுபவிக்கும் உரிமை விதவைக்கு இருந்ததால், விற்பனையின்போது மனைவி அதை விட்டுக்கொடுத்துக் கையொப்பமிட வேண்டியிருந்தது. 1978 வரை இந்த முறை நீடித்தது. சீதனக் காணி பெண்ணின் பெயரிலேயே தாயிடமிருந்து மகளுக்கு இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, இங்கே ஒரு பெண்ணின் பெயர் கணவனின் விற்பனையில் கையொப்பமாக மட்டும் வருவது உறுத்தும். அந்தக் குறையை மரணசாசனங்கள் ஓரளவு தீர்க்கும். பண்ணை மகனுக்கு என்று எழுதிய கையோடு, தாய்க்கு வீட்டில் ஓர் அறை, ஒரு பசு, வெட்டிப் பிளந்த விறகு என்று விபரமாக எழுதியிருப்பார்கள். பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே மகனுக்கு எழுதி, வாழும் வரை அனுபவிக்கும் சீவிய உரித்தைத் தமக்கு வைத்துக்கொண்ட பத்திரங்களும் உண்டு.

குடும்பங்கள் எப்படி விட்டுப் போனார்கள் என்பதற்கு, பெண்கள் நிறுவனக் கிளைகள் எழுதிச் சேர்த்த ற்வீட்ஸ்மூர் ஊர் வரலாறுகளைப் பாருங்கள். நினைவில் இருந்து எழுதியவை என்பதால் திகதிகளை நம்ப வேண்டாம். தீப்பிடித்த களஞ்சியமும் வீட்டை விட்டுப் போன மகனும் வேறெங்கும் கிடைக்கமாட்டார்கள்.

பட்டியலின் இரு முனைகள்

1950களுக்குப் பின் பதிவேட்டில் ஆட்பெயர்கள் அருகி, எண்களைப் பெயராகக் கொண்ட நிறுவனங்கள் பெருகும். அவற்றுக்குப் பின்னால் இருப்பவர்களைத் துருவுவதில் நேரத்தைச் செலவிடத் தேவையில்லை. நேராக 65எம் வரைபடத்துக்கு வந்துவிடலாம். கிழக்கு மார்க்கத்திலும் வட பிக்கறிங்கிலும் உள்ளவர்களுக்குக் கதை வேறு. 1972இல் மத்திய அரசு விமான நிலையத்துக்கென்று 18,600 ஏக்கரைச் சுவீகரித்தது. தலைமுறைகளாக இருந்த குடும்பங்கள் தம் வீட்டிலேயே அரசின் வாடகையாளர் ஆயின. பல வீடுகள் வெறுமையாகிப் பின்னர் இடிக்கப்பட்டன. விமான நிலையம் வரவில்லை. அந்த நிலத்தின் ஒரு பகுதி ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவுக்குள் சேர்ந்தது, எஞ்சியதில் விமான நிலையம் கட்டப்படமாட்டாது என்று 2025 ஜனவரியில் அரசு அறிவித்தது. இக்காணிகளின் பதிவேட்டில் பெற்றவர் என்ற கலத்தில் மறுபடி முடியே வந்து நிற்கும்.

மறுமுனையில், முதல் வரியில் கொடுத்தவர் என்று முடி எழுதப்பட்டிருப்பதனால் நிலம் அங்கே தொடங்கியதாகாது. மிசிசாகா மக்களோடு 1787இலும் 1805இலும் செய்யப்பட்ட ரொறன்ரோ கொள்வனவையும் 1923இன் வில்லியம்ஸ் உடன்படிக்கைகளையும் உங்கள் குறிப்பின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். முதலாவதில் நடந்த அநீதிக்காக 2010இல் 145 மில்லியன் டொலரும், இரண்டாவதற்காக 2018இல் 1.1 பில்லியன் டொலரும் இணக்கத்தீர்வாகக் கொடுக்கப்பட்டன என்பதால், இதைப் பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. பதிவேட்டின் முதல் வரிக்கு அடியில் கிடக்கும் கைமாற்றம் அதுதான்.

எல்லாம் முடிந்த பின் ரொறன்ரோப் பல்கலைக்கழக வரைபட நூலகத்தின் தளத்தில் 1954இன் தென் ஒன்ராறியோ வான்படங்களைத் திறந்து உங்கள் லொட்டைத் தேடுங்கள். பெரும்பாலான இடங்களில் வீட்டுமனைகள் வருவதற்கு முந்திய காட்சி அது. பண்ணை வீடு, களஞ்சியம், வீதியில் இருந்து வீட்டுக்குப் போகும் ஒழுங்கை, கொன்செஷனின் நடுவில் விட்டுவைத்த காடு ஆகியவை தெரியும். இன்றைய செய்மதிப் படத்தை அதன் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், பாதி லொட்டின் வேலிக்கோடு எந்தப் பின்வளவு வேலியாக மாறியது என்பதை அளந்து காட்டிவிடலாம்.